பயணியும் குடிகாரனும்

காலை ஆறு மணிக்குக் குடிக்கிறவனை நம்மூரில் என்ன சொல்லுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 'மொடாக்குடியன்', 'விடிஞ்சதும் விடியாததுமா ஊத்திக்கிட்டான்', 'இவனெல்லாம் எங்க உருப்படப் போறான்'. சொல்கிறவர் பெரும்பாலும் சாதியையும் சேர்த்துத்தான் சொல்லுவார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பார்வையில் அது இருக்கும். அதே காலை ஆறு மணிக்கு லண்டனிலோ டப்ளினிலோ விமான நிலையத்துக்குள் ஆட்கள் பெட்டியைக் காலருகே நிறுத்திவிட்டு, பெரிய கண்ணாடிக் குவளையில் பீரோடு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர்களுக்குப் பெயர் பயணிகள்.

விமான நிலையத்துக்குள் பொழுது கிடையாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டு நேரத்தில் இருக்கிறார்கள், அதனால் அதைக் காலைக் குடி என்று சொல்லக்கூடாது என்பார்கள். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவனுக்கும் காலை ஆறு மணி என்பது வேலை முடிந்த சாயங்காலம்தானே. சாக்கடைக் குழிக்குள் இறங்கப் போகிறவனுக்கு அது மூக்கையும் மனசையும் மரத்துப்போக வைத்துக்கொள்ள வேண்டிய நேரம். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அந்த வேலை ஒழியவில்லை, அந்த வேலைக்காகக் குடிப்பதும் ஒழியவில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் குடித்தால் அவர்களைக் குடிகாரர்கள் என்று சொல்லாதீர்கள் என்று 2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் பேசினார். ஊரே சிரித்தது. கடையை நடத்துகிற அரசின் அமைச்சரே அதைச் சொன்னதில் சிரிக்க விஷயம் இருக்கத்தான் செய்கிறது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குழியை எட்டிப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

இடம் மாறினால் சட்டமும் மாறிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் மது உரிமச் சட்டம், விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதிக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கை எடுத்துவிடச் சொல்லி 2017இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று பரிந்துரைத்தது. 2024இல் ரயன்ஏர் விமானக் கம்பெனியின் தலைவர் மைக்கேல் ஓ'லியரி, விமான நிலையத்தில் ஆளுக்கு இரண்டு குவளைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று கேட்டார். (அவருடைய விமானத்துக்குள்ளும் மது விற்கிறார்கள் என்பது தனிக்கதை.) நம் நாட்டில் உள்நாட்டு விமானங்களில் மது கொடுப்பதில்லை. சென்னையிலிருந்து தில்லி வரை காந்தியும் நம்மோடு பறக்கிறார். தில்லியிலிருந்து நியூயார்க் போகிற விமானத்தில் ஏறினால் காந்தி இறங்கிக்கொள்கிறார்.

வரி விஷயம் இன்னும் வேடிக்கை. நமக்குச் சுதந்திரம் வந்த அதே 1947இல்தான் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் உலகின் முதல் டூட்டி ஃப்ரீ கடையைத் திறந்தார்கள். இந்தியாவுக்குள் வருகிற பயணி 2 லிட்டர் மதுவைத் தீர்வை கட்டாமல் கொண்டு வரலாம். கீழே டாஸ்மாக்கில் குவார்ட்டர் வாங்குகிறவன் கொடுக்கிற காசில் பெரும்பங்கு வரி. 2023-24இல் அப்படி வந்தது ரூ.45,000 கோடிக்கு மேல். அரசாங்கத்துக்கு அவ்வளவு பணம் கட்டுகிறவன் உட்கார ஒரு பெஞ்சு இல்லாமல் சுவரோரம் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் ஒரே மூச்சாக ஊற்றிக்கொண்டு ஓடுகிறான். வெளியே வண்டியை எடுத்ததும் போலீஸ் மடக்கினால் ரூ.10,000 அபராதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. லவுஞ்சில் குடித்தவரை வீட்டுக்குக் கொண்டுபோக டிரைவர் வெளியே காத்திருக்கிறார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் சித்தப்பா பதினோரு வருஷம் துபாயில் கம்பி கட்டினார். விடுமுறையில் வரும்போதெல்லாம் டூட்டி ஃப்ரீ பையில் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்று, விசாவுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்த ஊர்த்தெருக்காரருக்கு. அவர் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சித்தப்பா வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் நீட்டுவார். 'ஃபாரினா? பேஷ்' என்று வாங்கிக்கொள்வார். அந்த வீட்டிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்த காலம் அது. சீல் உடைக்காத பாட்டிலுக்குத் தீட்டுக் கிடையாது போலும். அந்தச் சரக்கைக் குடித்துவிட்டு அவர் திண்ணையில் சாய்ந்தால், 'பெரியவரு சித்த அசந்துட்டாரு'. இன்னொரு பாட்டிலைச் சித்தப்பா பங்காளிகளோடு கொல்லையில் உட்கார்ந்து குடித்தால், மறுநாள் டீக்கடையில் 'காலனியில நேத்து ஒரே கூத்தாமே'. இரண்டு பாட்டிலும் ஒரே கடையில் வாங்கியவை.

நான் ஒரேயொரு முறை ஒரு கூட்டத்துக்காக துபாய் போய்த் திரும்பியிருக்கிறேன். பக்கத்து சீட்டில் ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர். பெயிண்டர், மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போகிறார். முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவருக்கு மூன்றாவது விஸ்கி 'சார்' போட்டு வந்தது. எங்கள் வரிசைக்கு வந்த பணிப்பெண், அண்ணன் இரண்டாவது கேட்டதும் 'ஒருத்தருக்கு ஒண்ணுதான்' என்று இந்தியில் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்கலாமா என்று எழுந்தேன். 'வுடுங்க தம்பி, அவங்க கணக்கு வேற' என்றார் அவர். அந்தப் பெண் மீதும் எனக்குக் கோபமில்லை. வளைகுடா விமானத்தில் கூலியாட்கள் ஏறினால் பாட்டிலைப் பார்த்துக் கொடு என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குடித்தவர்களின் கையையும் வாயையும் சமாளிக்கிற வேலை அவருடையது. அவரும் கூலிதான்.

விமானத்துக்குள் வகுப்பைப் பிரிக்கத் திரை தொங்குகிறது. காற்றழுத்தம் மட்டும் திரைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கிட்டத்தட்ட 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. அந்த அழுத்தத்தில் குடித்துவிட்டுத் தூங்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதம் வரை இறங்குகிறது, இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2024இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கோட்டுப் போட்டவருடைய ரத்தமும் பெயிண்டருடைய ரத்தமும் இதில் வேறுபடாது.

2022 நவம்பர் 26. நியூயார்க்கிலிருந்து தில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் கிளாசில், போதையில் இருந்த ஒருவர் ஒரு வயதான பெண்மணியின் மேல் சிறுநீர் கழித்ததாகப் புகார். பன்னாட்டு வங்கி ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவர். பின்னால் நீதிமன்றத்தில் அவர் மறுத்தார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது புகாரின் இன்னொரு பகுதி. அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லியும், விமானப் பணியாளர்கள் அந்த ஆளை அழைத்து வந்து அவர் எதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் அழுது, தான் குடும்பஸ்தன், பெண்டாட்டி பிள்ளை பாதிக்கப்படக்கூடாது என்று கெஞ்சியிருக்கிறார். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் போலீசுக்குப் போகவில்லை என்றது கம்பெனி. வழக்குப் பதிவானது 2023 ஜனவரியில். முப்பதாயிரம் அடி உயரத்தில் நடந்திருந்தாலும் இது நமக்குப் பழகிய கட்டப்பஞ்சாயத்துதான். பாதிக்கப்பட்டவளை உட்கார வைத்து, 'பாவம் புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சு வுட்டுடும்மா' என்று சொல்லுகிற அதே பஞ்சாயத்து. அவர்மேல் போட்ட பிரிவுகளில் ஒன்று, பொது இடத்தில் போதையில் தகராறு செய்வதற்கான இ.பி.கோ. 510. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய அதன்படி உச்சபட்ச அபராதம் 10 ரூபாய்.

அதன் பிறகு நடந்த விவாதத்தை நான் கவனித்துப் படித்தேன். பணியாளர்களுக்குப் பயிற்சி போதுமா? எத்தனை சுற்று ஊற்றினார்கள்? கம்பெனிக்கு ரூ.30 லட்சம் அபராதம், விமானிக்கு மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், மது கொடுக்கும் விதிகளில் திருத்தம். எல்லாம் சரி. 'இந்த பிசினஸ் கிளாஸ் ஜனங்களே இப்படித்தான்' என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அவருடைய சாதிக்காரர்களுக்கு மதுவின் தீமையைப் பற்றித் தெருக்கூத்துப் போட யாரும் கிளம்பவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். அன்றாடக் கூலிகள், அதில் தலித்துகள் கணிசம். குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் என்று அரசு அறிவித்ததும் எழுந்த சத்தம் நினைவிருக்கிறதா? 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?' படித்தவர்கள் கேட்டார்கள். விஷத்தை ஊற்றி விற்றவன், பார்த்தும் பார்க்காமல் விட்டவன் எல்லாரையும் தாண்டி, செத்தவனின் ஒழுக்கத்தில் போய் நின்றது பேச்சு. ஒருத்தன் ஒழுக்கம்கூட இல்லை, ஒரு தெருவின் ஒழுக்கம்.

என்னை ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி இதுதான். குடித்துக் கெடுவதிலும்கூட தனிமனிதனாக இருக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? மேலே இருக்கிறவன் தப்புப் பண்ணினால் அது அவனோடு போகிறது. அவனுக்கு மன அழுத்தம், தூக்கமின்மை, ஏதாவது ஒரு காரணம் கிடைக்கிறது. நம்மில் ஒருவன் தப்புப் பண்ணினால் அவன் தன் தெருவையும் தாத்தாவையும் இன்னும் பிறக்காத பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறான். போதையில் ரகளை செய்கிற பயணிகளுக்கு 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதியைப் பாருங்கள். வாயால் செய்தால் மூன்று மாதம் வரை தடை, கைவைத்தால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல். என்ன செய்தாய் என்றுதான் அந்த விதி கேட்கிறது, நீ யார் என்று கேட்கவில்லை. எழுத்திலாவது அப்படி இருக்கிறது. இதே கேள்வியைத் தரையில் நம்மிடம் ஏன் கேட்பதில்லை?

இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. குடி என்பது பார்ப்பனியப் புனிதத்துக்கு எதிரான கலகம், நம் பண்பாட்டின் கொண்டாட்டம் என்று தொண்ணூறுகளிலிருந்து எழுதி வந்திருக்கிறோம். கொல்லையில் பங்காளிகளோடு வட்டமாக உட்கார்ந்து குடிப்பதில் ஒரு சமத்துவம் இருந்தது உண்மை. அதைக் கேவலம் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் அரசு விற்கிற குவார்ட்டரைத் தனியாக வாங்கிச் சுவரோரம் ஊற்றிக்கொள்வதில் கலகம் எங்கே இருக்கிறது? வரியைக் கட்டிவிட்டுக் கலகம் செய்கிறோமா?

அம்பேத்கர் இதில் நம்மைவிடத் தெளிவு. 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கை எதிர்த்தது. அரசுக்கு வரும் வருமானத்தை அழிக்கிற திட்டம் அது என்பது அதன் வாதம். ஐந்து வருஷம் கழித்து, 1956 அக்டோபரில் நாகபுரியில் மக்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. முரண்பாடு என்று சிலர் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அரசு தன் கணக்குக்கும் போலீசுக்கும் வசதியாக என்ன செய்கிறது என்பது ஒன்று. நாம் நமக்காக, நம்மைப் பார்த்து, எதை வேண்டாம் என்று வைக்கிறோம் என்பது வேறொன்று. நாம் வேண்டாம் என்றால் அது ஊர்த்தெருக்காரன் மெச்சுவதற்காக இருக்கக்கூடாது. அவன் மெச்சவும் மாட்டான்.

பெண்களிடம் போனால் இந்த வாதமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த பிசினஸ் கிளாஸ் அம்மாளுக்கும் எங்கள் காலனியில் ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவுக்கும் நடுவில் ஆயிரம் தூரம் இருக்கிறது. ஆனால் 'மன்னிச்சுடும்மா' என்கிற வார்த்தை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வந்து சேர்கிறது. சித்தப்பாவின் பாட்டில் வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காகச் சித்தி வாங்கிய அடி குறைந்ததில்லை. இதை எழுதாமல் கலகத்தைப் பற்றி எழுதிக்கொண்டே போவது எனக்கு ஆகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் காலனி வழியில் இருக்கிற டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி நாற்பது பெண்கள் மனு கொடுக்கப் போனார்கள். நானும் கூட இருந்தேன். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, 'உங்க வீட்டு ஆம்பளைங்கதானே போய்க் குடிக்கிறாங்க? மொதல்ல அவங்களத் திருத்துங்க' என்றார். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு அக்கா, சத்தம் போடாமல்தான் கேட்டார்: 'உங்க ஊட்டு ஆம்பளைங்க எங்க சார் குடிக்கிறாங்க? அந்த எடத்துக்கு இந்தக் கடையத் தூக்கிக்குனு போங்களேன்.' அவர் சிரித்துவிட்டார். மனுவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். கடையை ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.