மருந்தறையில் அச்சம்

ஆபத்தைவிட ஆபத்தைப் பற்றிய அச்சமே மனிதனுக்கு மிகுந்த தீங்கு செய்கிறது என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். 1933ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட் இக்கருத்துப்படப் பேசியதிலிருந்து அஃது உலகெங்கும் பரவிற்று. அவர் பேசிய சூழலைத்தான் பலரும் மறந்துவிட்டனர். அன்று அங்கே வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக் கொண்டிருந்தன. போட்ட பணம் போய்விடுமோ என்றஞ்சி எல்லாரும் ஒரே வேளையில் வாயிலில் வந்து நின்றால், ஒழுங்காக நடக்கும் வங்கியும் விழத்தான் செய்யும். அங்கே அச்சமே ஆபத்தைப் பெற்றெடுக்கிறது. நம் தமிழகத்திலும் இதைக் கண்டோம். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கக் கூடியவர்களுள் 42 பேர் நெரிசலில் மிதிபட்டு இறந்தனர். வெள்ளத்துக்குத் தப்பியவர்களை, தமக்குக் கிடைக்காமற் போய்விடுமோ என்ற பதற்றம் கொன்றது.

ஆயினும் இந்த வாக்கை விருதுநகர் மாவட்டத்துக் கரிசற் காட்டுக்குள் எடுத்துச் சென்றால் அது நிற்குமா என்பதே நம் வினா.

வாடிக்கையாளரின் அச்சம் வங்கியைச் சாய்க்கும். வெடிமருந்துக்கோ நம் மனநிலை தெரியாது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த கலவை, அஞ்சுகிறவன் கையிலும் அஞ்சாதவன் கையிலும் ஒன்றுபோலவே உராய்வில் தீப்பற்றும். ஈரம் பட்டு ஓரிரவு கிடந்தால் யாரும் தொடாமலேயே அது சூடேறும். ஆகவேதான் ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரக்கூடாது, வெயில் ஏறுமுன் கலவை வேலை முடிய வேண்டும், மிச்ச மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன. இவை வெறும் அலுவலகத்துச் சட்டங்கள் அல்ல. முன்னர் மாண்டவர்களைக் கண்டு அஞ்சியவர்கள் எழுதி வைத்தவை. இத்தகைய அச்சத்தைத் தீங்கு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்தது நினைவிருக்கும். ஆலையில் தீப்பற்றியது கண்டு சுற்றுப்புறத்துக் கிராமத்தார் ஓடி வந்தனர். உதவ வந்தவரும் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவரும் உண்டு. அதன் பின்னரே பெரு வெடிப்பு நிகழ்ந்தது. மாண்டவர் ஏறத்தாழ நாற்பதின்மர். அவர்களுட் பலர் அவ்வாலையின் தொழிலாளரே அல்லர். அன்று சிறிது அச்சம் இருந்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பர். (உதவ ஓடியவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.)

அப்படியானால் நாள்தோறும் மருந்தோடு புழங்கும் தொழிலாளர்க்கு அச்சமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய அச்சமொன்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது, தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்நாட்களில் அடுப்பெரியாத வீட்டைக் கண்ட தாய்க்கு, வெடி என்பது நேர்ந்தாலும் நேரலாம் என்ற ஒன்று; பசியோ நாளைக் காலையே வரும். எண்ணிக்கைக்குக் கூலி பெறுகிறவர் கையை மெதுவாக ஓட்டினால் கூலி குறையும். ஆகவே கை விரைகிறது. இதை அறியாமை என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்; அவர்கள் முன்னே வைக்கப்பட்ட கணக்கு அப்படி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் அச்சத்தைச் சவுக்குக்கு ஒப்பிட்டுள்ளார். அளவோடு வீசினால் அது நடத்திச் செல்லும். மிகுந்தால் நம்பிக்கையை முறித்துவிடும் என்பது அவர் கருத்து. இறையச்சத்தைப் பற்றி அவர் சொன்னது இவ்வுலக அச்சத்துக்கும் பொருந்துகிறது. நாம் அதனோடு ஒரு வினாவைச் சேர்க்க விரும்புகிறோம்: சவுக்கு யார் முதுகில் விழுகிறது?

மருந்தறைக்கு மிக அருகில் இருப்பவர் பட்டினிக்கு அஞ்சுகிறார். உரிமம் ஒருவர் பெயரிலிருக்க, உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் பருவம் முடியுமுன் சரக்கு தீர வேண்டுமே என்று அஞ்சுகிறார். உரிமம் பெற்றவர் ஆய்வுக் குழுவுக்கு அஞ்சுகிறார். குழு வருகிறதென்றதும் கதவைப் பூட்டி விடுமுறை விட்ட ஆலைகளைப் பற்றி நாளேடுகளில் படித்திருக்கிறோம். குழு திரும்பியதும் கதவு திறக்கும். அறைக்குள் நால்வர் இடத்தில் மீண்டும் எண்மர் அமர்ந்தால் யார் பார்ப்பது? இப்படி ஒவ்வொருவரும் எதற்கோ அஞ்சுகின்றனர். அந்த மருந்துக்கு அஞ்சுவதற்குத்தான் எவர்க்கும் நேரமில்லை. அச்சம் தீங்கு செய்கிறது என்பது இவ்வளவில் உண்மை. அதற்கு மருந்து தைரியத்தைப் போதிப்பதன்று. கலவை அறையில் உட்காருகிறவர்க்கு எண்ணிக்கைக் கூலியை விட்டு நாட்கூலி தர வேண்டும். இன்று காற்றில் ஈரம் மிகுதி, கலவை சரியில்லை என்று சொல்லி அவர் எழுந்து வெளியே வந்தால், அன்றைய கூலி குறையக்கூடாது.