கேட்காதவருக்குச் சொல்லப்படும் செய்தி

இங்கிலாந்தில் வாழும் ஆண்களுக்கு 65 வயது நிறையும் ஆண்டில் தேசிய சுகாதார சேவையிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ஒரே ஒரு முறை வந்து வயிற்றில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை என்கிறது அது. போனால், ஜெல் தடவிப் பெருந்தமனியின் விட்டத்தை அளக்கிறார்கள். சில நிமிட வேலைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்கு மேல் கவலையின்றி வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு மறு அழைப்பே கிடையாது.

மிச்சமிருக்கும் சிலரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வயிற்றுப் பெருந்தமனி சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீட்டரை எட்டினால் வீக்கம் என்று பதிகிறார்கள், 5.5 செ.மீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சை குறித்துப் பேசுகிறார்கள். புகைபிடித்தவர்களிடம் இது அதிகம். பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாமலே வளரும். வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் வரை பிழைப்பதில்லை. பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டுவதில்லை. சிலருடைய வீக்கமோ கடைசிவரை வெடிப்பதே இல்லை. வேறு ஏதோ நோயில், முழு வயது வாழ்ந்து, வீக்கம் இருந்ததே தெரியாமல் அவர்கள் போய்ச் சேருகிறார்கள்.

நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதுதான் வழக்கம். இங்கே மருத்துவம் அவரைத் தேடி வருகிறது. நலமாக நடமாடும் ஒருவரை அழைத்து, உன் வயிற்றுக்குள் மரணம் இருக்கக்கூடும் என்று சொல்ல அரசுக்கு என்ன உரிமை? தெரிந்தும் சொல்லாமல் விடவும் உரிமை உண்டா?

அழைத்தால் உயிர்கள் தப்புமா என்பதற்கு விடை தேடியது 1997இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு. போர்ட்ஸ்மவுத், சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு பகுதிகளில் 65 முதல் 74 வயது வரையான சுமார் 67,800 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அழைக்கப்படாதவர்களில் 113 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 65 பேர். கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு வாழ்நாள் ஆண்டுக்கும் ஆன செலவு அப்போது சுமார் 28,400 பவுண்டு. பத்தாண்டு முடிவில் அதே கணக்கு 7,600 பவுண்டாக இறங்கியது. ஸ்கேனுக்கும் அறுவைக்குமான பணம் பெரும்பாலும் முதலிலேயே செலவாகிவிடுகிறது. பிழைத்தவர் வாழும் ஆண்டுகளோ மெல்ல மெல்லத்தான் சேர்கின்றன. 2009இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு இந்த ஆய்வே அடித்தளம்.

உயிருக்கு விலை போடுவதா என்று சமயம் சார்ந்த மனம் இங்கே பதறும். பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பவர் மனிதகுலம் முழுவதையும் காத்தவருக்கு நிகர் என்று யூத மரபும் இஸ்லாமிய மரபும் கருதுகின்றன. தலைகளை எண்ணிப் பார்த்து யாரைக் காப்பது என்று முடிவெடுப்பதே சரிதானா என்று 1977இல் ஜான் டாரெக் என்ற தத்துவவாதி ஒரு கட்டுரையில் கேட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பொதுப்பணத்துக்கு எல்லை உண்டு. ஸ்கேனுக்குப் போகும் ஒவ்வொரு பவுண்டும் வேறொரு வார்டிலிருந்து, வேறொரு நோயாளியிடமிருந்து வருகிறது. அந்த நோயாளிக்கும் இருப்பது விலைமதிப்பற்ற உயிர்தான். கணக்குப் போட மறுத்தால் அவர் பார்வையிலிருந்தே மறைந்துபோவார். எனவே கணக்குப் போடுவது அறத்துக்கு எதிரானதல்ல. முகம் தெரியாதவருக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அறம் அது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்வீடனிலும் 65 வயது ஆண்களை அழைக்கிறார்கள். அங்கே மின்னா யோஹான்சனும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10,000 ஆண்களை அழைத்தால் ஆறு ஆண்டுகளில் சுமார் 2 பேர் இந்த நோயால் சாகாமல் தப்புகிறார்கள். அந்த 2 என்ற எண்ணே புள்ளியியல்படி உறுதியானதல்ல. 49 பேருக்குத் தேவையற்ற நோயறிதல் நேர்கிறது, அதாவது ஒருபோதும் தொல்லை தந்திருக்காத வீக்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் 19 பேர் தவிர்த்திருக்கக்கூடிய அறுவைக்கு உள்ளாகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் புகைப்பழக்கம் குறைந்தது, நோயும் அருகிவிட்டது. பழைய ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐவரிடம் வீக்கம் இருந்தது. இப்போது இங்கிலாந்துத் திட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான்.

அந்த 2 பேர் யார், 19 பேர் யார் என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அறுவை முடிந்து எழுந்து உட்காரும் ஒவ்வொருவரும், தான் காப்பாற்றப்பட்டதாகவே நம்புகிறார். வேண்டாத அறுவைக்கு உள்ளானவரும் அதே கண்ணீரோடு அதே மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். திட்டம் எவ்வளவு அதிகமாக வீணான அறுவையைச் செய்கிறதோ, அவ்வளவு அதிகமான நன்றியும் அதற்குக் கிடைக்கும். நன்றியைக் கொண்டு இந்தத் திட்டத்தை எடைபோட முடியாது. பாதிக்கப்பட்டவருக்குத் தன் பாதிப்பே தெரியாத இடத்தில், அவருக்காகப் பேசவேண்டிய கடமை கணக்கு எழுதுபவரின் தலையில்தான் விழுகிறது.

இந்த நோயைத் தெரிந்தே சுமந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1948இல் புரூக்ளினில் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை நிபுணர் அவருடைய தமனி வீக்கத்தின் மேல் செலஃபேன் தாளைச் சுற்றினார்; அன்றைய மருத்துவத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது. 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியதும் மீண்டும் அறுவை செய்யலாம் என்றார்கள். தன் வேளை வந்துவிட்டது, செயற்கையாக ஆயுளை நீட்டிக்கொள்ள விருப்பமில்லை என்று மறுத்தார். பிரின்ஸ்டன் மருத்துவமனையில் 76 வயதில் இறந்தார். அவருக்கு நோய் தெரியும், வழி தெரியும், வேண்டாம் என்று சொல்லும் இடமும் இருந்தது. மூன்றும் சேர்ந்ததால்தான் அது அவருடைய முடிவாக இருந்தது.

கடிதம் பெறுகிறவருக்கும் அந்த இடம் வேண்டும். இங்கிலாந்தில் 3 முதல் 4.4 செ.மீ. வரை வீக்கம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையும், 4.5 முதல் 5.4 வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ஸ்கேனுக்குப் போகிறார்கள். பல ஆண்டுகள் இப்படியே நடக்கலாம். கனமான பையைத் தூக்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பவருக்கு அந்த ஆண்டுகளின் நிறம் மாறிவிடுகிறது. அவருடைய பயத்தையும் வாழ்நாள் கணக்கில் கழிக்கவேண்டும். செவிலியர் அவரோடு உட்கார்ந்து பேசும் நேரத்துக்கும், புகையை விடத் துணைநிற்பதற்கும் ஆகும் பணத்தைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதவேண்டும். அழைப்புக் கடிதத்தில் 2, 49, 19 என்ற மூன்று எண்களும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும். அதைப் படித்துவிட்டு ஸ்கேனுக்கு வராதவரைப் பொறுப்பற்றவர் என்று யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.