அரசரும் ஒரு புள்ளி

இறைவன் முன் அரசன் யார் என்ற கேள்விக்குச் சீனப் பேரரசு தந்த விடை நோன்பில் இருந்தது. சிங் வம்சப் பேரரசரின் அரண்மனையில் குன்னிங் மாளிகைக்குள் காலையும் மாலையும் ஆண்ட மஞ்சு இனத்தின் வழிபாடு நடந்தது.  ஆனால் ஆண்டின் மிகக் குறுகிய பகலுள்ள நாளில் வானத்துக்குச் செய்யும் வழிபாடுதான் ஆண்டின் உச்சம். அதற்கு முன் மூன்று நாள் நோன்பு: இசை, அந்தப்புரம், குற்ற விசாரணை எல்லாவற்றுக்கும் விலக்கு. நோன்பை நினைவூட்டப் பலகை ஏந்திய வெண்கலப் பொம்மை ஒன்றைப் பேரரசரின் எதிரில் வைத்தார்கள். வேண்டுதல் ஏட்டில் 'வானத்தின் மைந்தன்' என்ற பட்டத்துக்குப் பக்கத்திலேயே பேரரசர் தம்மை வானத்தின் பணியாள் என்றும் எழுதினார்.

ஆனால் வானத்துக்கு அந்தப் பலியைச் செலுத்தும் உரிமை அவர் ஒருவருக்கே. குடிமக்கள் தாமாக வானத்துக்குப் பலியிடுவது குற்றம். ஆகவே அந்தப் பணிவே அதிகாரத்தின் முத்திரையாகவும் இருந்தது. முடியாட்சி போன பின்பும், 1914இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் அதே சடங்கைச் செய்தார்; அடுத்த ஆண்டே பேரரசராக முயன்றார்.

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் ராஜா வேறு வகை. அங்கே பிறந்த அண்ணாமலைச் செட்டியாருக்கு (1881–1948) ஆங்கில அரசு 1923இல் சர் பட்டமும் 1929இல் பரம்பரை ராஜா பட்டமும் கொடுத்தது. ஆள நாடு கிடையாது; பர்மாத் தேக்கில் எழுந்த அரண்மனை உண்டு. அவருடைய வணிகச் சமூகமான நகரத்தாரின் கோயில் கணக்கிலோ மணமான ஆணும் அவர் குடும்பமும் சேர்ந்து ஒரு புள்ளி. புள்ளி வரி அரண்மனைக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒன்றே. வளவு என்ற பெரிய வீட்டில் கூட்டாக வாழ்ந்தாலும், மணமான மகனை வேறு வைத்துவிட்டால் அவர் தனி அடுப்பு, தனிக் கணக்கு.

நகரத்தாரின் பிள்ளையார் நோன்பில் இந்த எண்ணிக்கை இன்னும் நெருக்கமாகத் தெரியும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புதுத் துணியிலிருந்து நாளுக்கொரு நூல் எடுத்துச் சேர்த்துத் திரியாக்குவார்கள். அதை மாவில் பதித்து நெய்யிட்டு ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஆளுக்கு ஓர் இழை கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கோடீசுவரருக்கும் ஓர் இழைதான். கருவுற்ற பெண்ணுக்கு மட்டும் இரண்டு, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து.

பெய்ஜிங்கில் அரசர் தனித்து வணங்கியதால் அரசரானார். இங்கே ராஜா வணங்கும்போது கூட்டத்தில் ஒருவராகிறார். பட்டம் வெளியிலிருந்து வந்தது என்பதால் அது கோயில் கணக்கைத் தொடவில்லை எனலாம். இதை முழுச் சமத்துவம் என்று கொண்டாடுவதும் மிகை. கணக்கு நகரத்தாருக்குள் மட்டுமே; வீட்டைக் கட்டிய கொத்தனாரும் ஆசாரியும் அதில் இல்லை. மணமாகாத பெண்ணுக்குத் தனிப் புள்ளி கிடையாது. துணையை இழந்தவர் அரைப்புள்ளி.