கடன் யாருக்கு?

1993இல் வந்த நைக்கி விளம்பரம் ஒன்றில் கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லி கேமராவைப் பார்த்து, தான் யாருக்கும் முன்மாதிரி இல்லை என்றார். பிள்ளைக்கு முன்மாதிரியாக இருப்பது பெற்றவர்களின் வேலை. பந்தைக் கூடைக்குள் திணிக்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக உங்கள் பிள்ளையை நான் வளர்க்க முடியுமா என்று கேட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தன்னை நிறவெறியோடு ஏசிய ரசிகர் மீது துப்பப்போய், எச்சில் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி மேல் விழுந்து, 10,000 டாலர் அபராதம் கட்டியவர் அவர்.

பலருக்குக் கோபம். இன்னொரு கூடைப்பந்து நட்சத்திரமான கார்ல் மலோன் மறுப்பு எழுதினார்: முன்மாதிரியாக இருப்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மக்கள்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், தகப்பனாக அவர் திரும்பியே பார்க்காத பிள்ளைகள் அப்போதே வளர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடு செய்தியாக வந்தது.

எனக்கு இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மலோன் கடன்பட்டிருந்தது அந்தப் பிள்ளைகளுக்கு. ஊரார் பிள்ளைகளுக்கு நல்ல படமாக நிற்பதைப் பற்றிப் பேசுவது சுலபம். அதில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பார்க்லி விஷயத்திலும் அப்படித்தான். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அந்தச் சிறுமி. அந்தக் குடும்பத்தோடு அவர் பிறகு சிநேகமாகவே ஆகிவிட்டார். டிவியில் பார்த்த நமக்கு அதில் என்ன பாக்கி?

2010 பிப்ரவரியில் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் ஃப்ளோரிடாவில் மேடையேறி, மனைவிக்குச் செய்த துரோகத்துக்காக மன்னிப்புக் கேட்டுப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினார். பல சேனல்கள் நேரலையாகக் காட்டின. தாயார் முன்வரிசையில் இருந்தார், மனைவி வரவில்லை. துரோகம் செய்யப்பட்டவர் இல்லாத அறையில், துரோகத்தால் ஒரு காசும் இழக்காத கோடிக்கணக்கானவர்களிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு அது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரேறிப் பார்த்த மாதிரி.

ஆனால் பொதுமக்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வுட்ஸ் கோல்ஃப் மட்டும் விற்கவில்லை. நிதானம், கட்டுப்பாடு, குடும்பம் என்ற பிம்பத்தையும் சேர்த்தே விற்றார். ஆக்சென்ச்சர் நிறுவனம் அதை வாங்கி ஆண்டுக்கணக்கில் விமான நிலையங்களில் ஒட்டியது. விஷயம் வெளியானதும் விலகிக்கொண்டது. குணத்தைச் சரக்காக்கி விற்றவரிடம், சரக்கு அசலா என்று கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. தன்னை விற்காமல் ஆட்டத்தை மட்டும் ஆடியவரிடம் அந்தக் கேள்வி செல்லாது. அடித்தால், ஏமாற்றினால், ஒருவரைச் சீரழித்தால் சட்டம் இருக்கிறது. அது எல்லோருக்கும் உள்ளதுதான். நட்சத்திரம் என்பதற்காக அது வளையாமல் இருந்தாலே பெரிய காரியம்.

இப்படிப் பார்த்தால் நம் கோபம் தப்பான வாசலில் நிற்பது தெரியும். ஒரு கிரிக்கெட் வீரரின் விவாகரத்தை வாரக்கணக்கில் அலசுகிறோம். ஏலக்காய் என்ற பெயரில் பான் மசாலா பிராண்டுக்கு முகம் கொடுக்கும் முன்னாள் வீரர்களைப் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றிவிடுகிறோம். முதலாவதில் நமக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டாவது நம்மைக் குறிவைத்தே செய்யப்படுகிறது. அவர்கள் அடித்த ரன்களை நம்பும் பையன்தான் அங்கே வாடிக்கையாளர். இதற்கு நேர்மாறாக, புல்லேலா கோபிசந்த் 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்றதும் ஒரு குளிர்பான விளம்பரம் தேடி வந்தது. உடம்புக்கு நல்லதல்ல என்று மறுத்துவிட்டார். பாட்மின்டனில் கிரிக்கெட் பணம் புரண்ட காலமல்ல அது. அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை.

பொதுமக்களாகிய நாம் கடனை வசூலிப்பதில் கண்டிப்பானவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2013இல் வுட்ஸ் மறுபடி உலகின் முதலிடத்துக்கு வந்தபோது, அவரைக் கைவிடாத நைக்கி, வெற்றி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற பொருளில் ஒரு விளம்பரம் போட்டது. முகம் சுளித்தவர்கள் உண்டு. 2019 ஏப்ரலில் அவர் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது அவர்களிலும் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். நானும் தட்டினேன், அந்தப் பதின்மூன்று நிமிடம் என் நினைவுக்கே வரவில்லை.