கற்பிக்க வந்தோர் கற்றது

மறைபரப்பச் செல்வோர் முதலில் யாருக்குச் சீடராதல் வேண்டும்? 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து, மனனம் செய்து, மணியடித்துத் தெருத்தெருவாகக் கற்பித்தார். அவரால் சொல்ல முடிந்தது. மக்கள் சொன்னதைக் கேட்கவோ மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். (அவரது புனிதத்திற்கு இதனால் குறைவில்லை.) பின்வந்த அண்டிரிக் அடிகளார் தமிழிலக்கணமே எழுதுமளவு கற்றார், 1578-இல் கொல்லத்தில் அவரது ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. மொழிபெயர்ப்பாளர் வழியே பாவசங்கீர்த்தனம் செய்ய எவர் துணிவார்?

தமிழராகிய நமக்கும் ஆம்பூரில் இவ்வினா எழுகிறது. தோல் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் சகோதரரின் பேச்சில் உருதுச் சொற்கள் கலந்து வரும். அதனைத் திருத்த விழைவோர் உளர். நாமோ அச்சொற்களைக் கேட்டுக் கற்கிறோம். சுண்ணாம்பு தம் கைகளை அரித்த கதையை அவர் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறார்.