நேராகச் செல்லும் அம்பு ஏன் வளைகிறது?

பீளமேட்டில் பஞ்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் 'வில்' என்று சொன்னால், மெத்தைக்குப் பஞ்சு அடிக்கும் வில்தான் அவர்கள் நினைவுக்கு வரும். அம்பு எய்யும் வில்லோ நம்மில் பலருக்கு ஹதீஸ் கிதாபுகளின் வாயிலாக மட்டுமே அறிமுகமானது. அப்படியிருக்க, ஒரு ஜும்ஆ பயானில் இஸ்திகாமத் எனும் நிலைகுலையாமையைப் பற்றிப் பேசும்போது, "முஃமின் என்பவன் அம்பைப் போல் நேராக இருக்க வேண்டும், வளையவே கூடாது" என்று நாம் அழுத்தமாகச் சொல்லிவிட்டோம்.

மறுநாள் அஸருக்குப் பின் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்ன அம்பை இதில கொஞ்சம் பாருங்க" என்று தம் கைப்பேசியை நீட்டினார். அம்பு வில்லை விட்டுப் புறப்படும் கணத்தை மிக மெதுவாக ஓடவிட்டுக் காட்டும் படம் அது. கண்ட நாம் திகைத்துப் போனோம். புறப்பட்ட அம்பு நீரில் நெளியும் மீனைப் போல் இடமும் வலமும் வளைந்து வளைந்து சென்றது. ஆனால் இலக்கின் நடுவிலேயே தைத்தது!

"தம்பி, இது ஏன் இப்படி?" என்று கேட்டோம். அவர் சொன்னதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

பழைய முறை வில்லில் அம்பு வில் தண்டின் நடுவே செல்வதில்லை. தண்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர் விரல்களால் நாண் இழுத்தால் அம்பைத் தண்டின் இடப்பக்கம் வைப்பார். பெருவிரலில் வளையம் அணிந்து இழுத்த துருக்கியர் வலப்பக்கம் வைத்தார்கள். எந்தப் பக்கமானாலும் இடையூறு ஒன்றுதான். விட்ட நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்புக்கு எதிரே தண்டின் பருமன் குறுக்கே நிற்கிறது. அம்பு இரும்புக் கம்பி போல் விறைத்திருந்தால், அதன் முனை பக்கவாட்டில் திரும்பி, இலக்கை விட்டு விலகியே போக வேண்டும்.

ஆனால் நல்ல அம்பு விலகுவதில்லை. நாண் பின்னாலிருந்து திடீரெனத் தள்ளுகிறது. முனையின் கனம் உடனே நகர மறுக்கிறது. விரலிலிருந்து நழுவும் நாண் சற்றுப் பக்கவாட்டிலும் உந்துகிறது. இந்த நெருக்கடியில் அம்பு வளைகிறது. முதலில் அதன் நடுப்பகுதி தண்டை நோக்கி வளைகிறது. அடுத்த கணமே எதிர்ப்புறம் வளைந்து தண்டை விட்டு விலகுகிறது. மீண்டும் வளையும்போது வால்ப்பகுதி தண்டில் உரசாமல் தாண்டிவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்திற்குள் இவ்வளவும் முடிந்து, பறக்கப் பறக்க ஆட்டம் அடங்கி, அம்பு தன் நேர்மைக்குத் திரும்புகிறது.

அமெரிக்கரான ராபர்ட் எல்மர் 1913-இல் இதனை 'வில்லாளியின் புதிர்' என்று அழைத்தார். 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் போன்ற அறிவியலார் அதிவேகப் படங்களின் துணையால் அதன் காரணத்தை விளக்கினர். இதே கிளாப்ஸ்டெக்தான் உஸ்மானியத் துருக்கியரின் வில்வித்தையை வியந்து 1934-இல் ஒரு நூலும் எழுதினார். ஆயினும் படம் பிடிப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்பே கைப்பழக்கம் இதை அறிந்திருந்தது. நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால் வயநாட்டில் வாழும் குறிச்சியர்கள் வில்லில் பேர்பெற்றவர்கள். 1802-இல் பழசி ராஜாவின் பக்கம் நின்று பனமரம் கோட்டையைத் தாக்கியவர்கள். இந்த வில்லுக்கு இந்த அம்புதான் பொருந்தும் என்பதை இத்தகையோரின் கை அறியும்.

ஆம், பொருத்தம்தான் இங்கே பெரிது. இன்று அம்பின் விறைப்பை அளப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின் மேல் அம்பைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கிறார்கள். வில்லின் வலுவுக்கு மீறி விறைத்த அம்பு ஒரு பக்கம் விலகும். மீறித் துவண்ட அம்பு மறுபக்கம் விலகும். இரண்டுமே இலக்கைத் தவறவிடுகின்றன.

அன்பர்களே! இங்கேதான் நமக்கொரு கேள்வி எழுந்தது. ஏவப்பட்டபடியே உறுதியாக நிற்குமாறு ஹூத் சூராவின் 112-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. இந்த நேர்மையும் வளைதலும் ஓரிடத்தில் கூடுமா? கூடும் என்றால், மார்க்கத்தை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொருவரும் "நானும் அம்பைப் போல் வளைந்தேன்" என்று சொல்லித் தப்பிவிடலாமே!

நம் முன்னோர்களான உலமாக்கள் இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று முதாராத், அதாவது தீனைக் காப்பதற்காக உலகக் காரியத்தில் இறங்கிப் போவது, இதமாக நடப்பது. மற்றொன்று முதாஹனத், உலக லாபத்திற்காகத் தீனையே விட்டுக்கொடுப்பது. முன்னது நற்குணம், பின்னதை அல்கலம் சூராவின் 9-ஆவது வசனம் கண்டிக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் வளைதல்தான். எப்படிப் பிரித்தறிவது?

ஹுதைபிய்யாவைப் பாருங்கள். ஹிஜ்ரி 6-இல் உடன்படிக்கை எழுதும்போது, 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லைக் குறைஷிகள் ஏற்க மறுத்தார்கள். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களின் கை எழவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அதை அழித்து, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று எழுதச் செய்தார்கள். உமர் (ரலி) அவர்களின் உள்ளம் கொதித்தது. ஆனால் எழுத்தில்தான் வளைவு இருந்தது, தூதுத்துவத்தில் இல்லை. இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அதே நாயகம் (ஸல்) அவர்கள், பொருளும் தலைமையும் தருகிறோம், இப்பிரசாரத்தை விட்டுவிடும் என்று குறைஷிகள் கேட்டபோது அணுவளவும் அசையவில்லை.

அம்பிலும் இப்படி அசையாத இடம் உண்டென்று அந்த மாணவர் காட்டினார். நடுவும் இரு முனைகளும் ஆடினாலும், இடையில் இரண்டு புள்ளிகள் மட்டும் இலக்கை நோக்கிய கோட்டை விட்டு ஏறக்குறைய விலகுவதே இல்லை. அவை நிலைப்பதால்தான் மற்றவை ஆடுவதில் கேடில்லை. இன்னொன்றும் உண்டு: வளைந்த அம்பு மீள்கிறது. ஈரக்குச்சியும் வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும்.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு சகோதரர், ஆர்டர் நெருக்கடியில் ஒரே ஒரு தடவை என்று வட்டிக்கு வாங்கினார். அன்று அழுதார். இன்றோ, "காலத்துக்குத் தக்கன வளைய வேண்டாமுங்களா ஹஜ்ரத்?" என்று மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறார். அசையக்கூடாத இடத்தில் அசைந்தது முதல் தவறு. மீளாமல் நின்றுவிட்டது அதனினும் பெரிது.

ஆனால் அவரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. நாம் இமாமத்துக்கு வந்த புதிதில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் தலைமுடியை விசித்திரமாக வெட்டிக்கொண்டு மஃரிபுக்கு வந்தான். ஸஃப்பில் அத்தனை பேர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். சத்தியத்தில் விறைப்பாக நின்றோம் என்று அன்றிரவு நமக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவனுடைய தகப்பனார் வந்தார். "நீங்க சொன்னது சரிதானுங்க ஹஜ்ரத். ஆனா பையன் பள்ளிக்கே வரமாட்டேங்கிறானுங்க" என்றார். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கிறது. நம் வார்த்தை வில் தண்டிலேயே மோதி எங்கோ விலகிப் போய்விட்டது. இலக்கு அவன் தலைமுடியா, அவன் தொழுகையா என்பதைக்கூட நாம் பார்க்கவில்லை.

உஹதில் ஐம்பது வில்லாளிகள் மலைக்கணவாயில் நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம். எந்நிலையிலும் இடம் பெயரக்கூடாது என்பது கட்டளை. தலைவர் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களும் ஒரு சிலரும் நின்று ஷஹீதானார்கள். மற்றவர்கள் கனீமத்தை எண்ணி இறங்கினார்கள். வெற்றி கைநழுவியது, நாயகத்தின் திருமுகமே காயமுற்றது. அதற்குப் பின் இறங்கிய வசனங்களில்தான், நீர் கடுகடுப்பானவராக இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டுச் சிதறியிருப்பார்கள். அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடி, அவர்களிடம் ஆலோசனையும் கேளும் என்ற கருத்து ஆல இம்ரான் 159-இல் வருகிறது. கட்டளை வளையவில்லை, இறங்கியது தவறு தவறுதான். ஆனால் தவறியவர்களிடம் காட்டிய முகம் மென்மையாக இருந்தது. அவர்களும் சிதறவில்லை.

ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். ஹலால், ஹராம், தொழுகை, வாய்மை ஆகியவற்றில் அசையாதீர்கள். சொல்லும் குரலில், சொல்லும் நேரத்தில், சொல்லும் இடத்தில் வளைந்து கொடுங்கள். எல்லா வில்லுக்கும் ஒரே அம்பு பொருந்தாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கண்டிப்பும் பொருந்தாது. அம்புக்கு நிய்யத் இல்லை, நமக்கு உண்டு. எனவே வளையும்போதெல்லாம், 'இது இலக்கை அடைவதற்கா, நான் தப்பிப்பதற்கா?' என்று நெஞ்சைக் கேட்டுக்கொள்வது கடமை.

அந்தப் பையன் இன்று வாலிபன். தெருவில் கண்டால் ஸலாம் சொல்கிறான். நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம், சிரித்தான். பள்ளிக்கு இன்னும் வரவில்லை. வருவான் என்ற நம்பிக்கையில் துஆச் செய்து வருகிறோம். நீங்களும் துஆச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கு அசையாத ஈமானையும் இளகிய நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.