பாலம் ஆடுகிறது, யார் நிறுத்துவது?

ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு. லாரி போனாலும் காற்று அடித்தாலும், நொடிக்கு இத்தனை முறை என்று தன் கணக்கில் ஆடும். எங்கோ விரிசல் விழுந்து விறைப்பு குறைந்தால் அந்த எண்ணும் குறையும். மண்பானையை வாங்கும்முன் தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். இங்கே தட்டுவது வண்டியும் காற்றும். கேட்கும் காது சென்சார்.

ஆனால் அந்தக் காது கேட்பதை எவ்வளவு நம்பலாம்? ஸ்விட்சர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இசட்24 பாலத்தை 1997-98இல் ஏறக்குறைய ஒரு வருடம் அளந்தார்கள். பிறகு வேண்டுமென்றே சேதப்படுத்தி அளந்தார்கள். உறைகுளிரில் மேலிருந்த தார் இறுகியதால் வந்த மாற்றம், சில சேதங்களால் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது! எண் மாறினால் அது நோயா, வெறும் குளிரா? கருவி தானாகச் சொல்லாது. "எண் மாறிடுச்சு" என்பது அளவீடு. "அப்ப வண்டிய நிறுத்து" என்பது மனிதர்கள் எடுக்கவேண்டிய முடிவு.

இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலத்தின் சாய்வுத் தாங்கிகளை 2017இல் மிலான் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் அதிர்வு வழியே சோதித்தார்கள். ஒன்பதாவது தூணின் தாங்கிகளில் ஏதோ சரியில்லை என்று கண்டு, மேலும் ஆராயச் சொன்னார்கள். போக்குவரத்து தொடர்ந்தது. 2018 ஆகஸ்ட் 14 அன்று அந்தத் தூண் இருந்த பகுதி விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

"உறுதியாத் தெரியாம எப்படி மூடுறது?" நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர் அலுவலகத்தில் இருக்கிறார். பதில் தாமதமானால் விலை கொடுப்பவர் பாலத்தின் மேல் இருக்கிறார். அப்படி ஒரு சந்தேகம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நம் பாம்பனில் வேறு மாதிரி நடந்தது. 1914இல் திறந்த ரயில் பாலம். 2022 டிசம்பரில் அதன் தூக்குப் பகுதியில் சென்சார்கள் வழக்கத்தை மீறிய அதிர்வைக் காட்டியதும் பயணிகள் ரயில்களை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை, ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். பழைய பாலத்தில் ரயில் ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ? இனி யாராலும் நிரூபிக்க முடியாது. நடக்காத விபத்துக்கு சாட்சி இல்லை.

அதனால், சந்தேகம் வந்தபின் "ஆபத்துன்னு நிரூபி" என்று கேட்பது தவறு. "பத்திரம்னு நிரூபி" என்றுதான் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு அலைந்த அலைச்சலை ஈடுகட்டலாம், போன உயிரை முடியாது. அப்போ ஒவ்வொரு குளிருக்கும் பாலத்தை மூடுவதா? வேண்டாம். ஆனால் நல்ல நாளிலும் வருடம் முழுக்க அளந்து வைத்தால்தானே எது குளிர், எது விரிசல் என்று பிரித்தறிய முடியும்? ஒன்றும் நடக்காத நாட்களின் அந்தச் சலிப்பான கணக்கை எழுதாமல் விட்டவருக்கு, பிறகு "உறுதியாத் தெரியலையே" என்று சொல்லும் உரிமை கிடையாது.